என்ஃபீல்டு ரிவால்வர் மேல் விழுந்த பழி

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் டாங்கிப் படையினரும் இடுப்பில் செருகியிருந்த .38 என்ஃபீல்டு ரிவால்வரை மெச்சிப் பேசுபவர்கள் குறைவு. பழைய துப்பாக்கி சேர்ப்பவர்கள்கூட அதற்கு முந்தைய, பெரிய .455 வெப்லியைத்தான் முதலில் தேடுகிறார்கள். என்ஃபீல்டுக்கு அடி போதாது, விசை கடினம், குறி நிற்காது என்பது புகார். புகார்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி, மேலிருந்து வந்த உத்தரவுகளின் விளைவு, வடிவமைப்பின் குற்றமல்ல.

1915-இல் ஏற்கப்பட்ட வெப்லி ஆறாம் மாடல் ஒரு கிலோவுக்கும் மேல் எடை. அதன் குண்டு 17 கிராம். அவசரப் பயிற்சி பெற்றவர்களின் கைக்கு அது அடங்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கேட்டது, சீக்கிரம் பழகிவிடக்கூடிய, எடை குறைந்த ஆயுதம். 1932-இல் வந்த என்ஃபீல்டு முக்கால் கிலோவுக்குச் சற்றே அதிகம். 13 கிராம் ஈயக் குண்டை மெதுவாகத் தள்ளும் தோட்டா அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. பிறகு, உடலுக்குள் விரியும் குண்டுகளைத் தடுத்த 1899 ஹேக் பிரகடனத்தை வெற்று ஈயம் மீறிவிடுமோ என்ற அச்சத்தில், உலோக உறை போட்ட 11.5 கிராம் குண்டைக் கொடுத்தார்கள். ஒரு குண்டுக்காக வடிவமைத்த துப்பாக்கியை இன்னொரு குண்டால் எடைபோடுவது நியாயமா?

விசையின் கதையும் இதுதான். முதல் மாடலில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, விசையை லேசாகத் தொட்டுக் குறிபார்த்துச் சுடலாம். சுத்தியலின் முனை டாங்கிக்குள் எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்று 1938-இல் அதை வெட்டிவிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் விசையை முழு நீளத்துக்கு இழுத்தாக வேண்டும். பழுதுபார்க்க வந்த பழைய துப்பாக்கிகளுக்கும் இதே கதி. முனை வெட்டப்படாதவை இன்று அரிதாக இருப்பது அதனால்தான். தூரத்துக் குறி கெட்டது நிஜமே. ஆனால் சில அடி தொலைவில், நொடியில் சுட வேண்டிய ஆயுதத்துக்கு அது பெரிய இழப்பா என்பது வேறு கேள்வி. 1942 மாடலுக்கு மட்டும் நான் வாதாட மாட்டேன்: உற்பத்தியை விரைவுபடுத்தச் சுத்தியலின் பாதுகாப்புத் தடுப்பையே எடுத்துவிட்டார்கள், கீழே விழுந்தால் வெடிக்கலாம். போருக்குப் பின் அவற்றைத் திரும்பப் பெற்றுத் திருத்த வேண்டியிருந்தது.

என்ஃபீல்டில் சொந்தச் சரக்கு என்ன இருக்கிறது, வெப்லியின் நகல்தானே என்பார்கள். உண்மைதான்; .38 மாதிரியை முதலில் கொடுத்தது வெப்லி அண்டு ஸ்காட் நிறுவனம். அதைத் தழுவி அரசு தன் தொழிற்சாலையிலேயே செய்துகொண்டது. அதற்காக 2,250 பவுண்டு கேட்ட வெப்லி வழக்கில் தோற்று, கடைசியில் ராயல் கமிஷன் வழியாக 1,250 பவுண்டு பெற்றது. போரில் தட்டுப்பாடு வந்ததும் அதே ராணுவம் வெப்லியின் .38 நான்காம் மாடலை வாங்கியது வேடிக்கை. குழலை மடக்கினால் ஆறு தோட்டாவும் ஒருசேர வெளியே வரும் அந்த அமைப்பு இந்தியாவில் இன்னும் மறையவில்லை. .38 ராணுவத் தோட்டாவைச் சுடும் ரிவால்வரை இந்தியச் சட்டம் சாதாரண உரிமத்தில் அனுமதிப்பதில்லை. எனவே கான்பூர் அரசுத் தொழிற்சாலை அந்த நான்காம் மாடலையே .32 தோட்டாவுக்கு மாற்றி விற்றது. அதன் குண்டு ஏறக்குறைய 6 கிராம்தான். போதாது என்று பழிக்கப்பட்ட என்ஃபீல்டு குண்டில் பாதி.