சங்கும் கட்டுமரமும்: ஜேம்ஸ் ஹார்னெல் ஆராய்ந்த தென்கடல்

காஞ்சிபுரம், அதை அடுத்த ஓரிக்கை போன்ற கோயில் ஊர்களில் வழிபாட்டு வேளையில் ஊதப்படும் சங்கு, மன்னார் வளைகுடா முதலிய கடற்பகுதிகளின் மணல் தரையில் மூச்சடக்கி மூழ்கிய மனிதர்கள் எடுத்த பொருளாகும். ‘சங்கு குளித்தல்’ எனப்படும் இத்தொழிலை விரிவாக ஆராய்ந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல் (1865–1949). கடல் உயிரியலாளரான அவர், விலங்கியலாளர் ஹெர்ட்மன் தலைமையிலான முத்துச்சிப்பி ஆய்வுக்காக 1902இல் இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றி, அதன் இயக்குநராக உயர்ந்து, 1924இல் ஓய்வு பெற்றார்.

சங்கு குளிப்பு அரசுக்கு வருவாய் தந்த உரிமைத் தொழிலாக இருந்ததால், சங்கின் வாழ்க்கையை அறிவது அலுவலகக் கடமையாகவே அவருக்கு வாய்த்தது. ஆனால் 1914இல் வெளிவந்த அவருடைய சங்கு நூல் அந்தக் கடமையின் எல்லையைத் தாண்டி, சங்கு எடுப்போர், விற்போர், அறுப்போர், அணிவோர் ஆகிய அனைவரையும் தேடிச் சென்றது. தூத்துக்குடிச் சங்குகள் வங்காளத்துக்குச் சென்று, டாக்காவின் சங்காரிகள், அதாவது சங்கறுக்கும் கைவினைஞர்கள், பிறைவடிவ வாளால் அறுத்த வளையல்களாகி, மணமான பெண்களின் கைகளை அடைந்ததை அவர் விவரித்தார். கொற்கையிலும் காயலிலும் அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்து, வளையல் தொழில் ஒருகாலத்தில் பாண்டியர் கரையிலேயே நடந்ததென அவர் நிறுவியது, சங்க இலக்கியம் கூறும் வளையறுப்புக்கு மண்ணிலிருந்து கிடைத்த சான்றாகும். குளியாளிகள் பார்களையும், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளையும், நீரோட்டங்களையும் காற்றுகளையும் அறிந்திருந்த அறிவே இந்த ஆய்வுகளுக்கு அடித்தளம். அவர்களுள் பெரும்பாலோர் பெயரின்றியே நூலில் நிற்பது வருத்தத்துக்குரியது.

1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தையும், ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து அலைமோதலில் வளைந்து கொடுக்கும்படி அமைத்த மசூலாப் படகையும் அவர் நுணுகி விளக்கினார். பக்கமிதவை கொண்ட படகுகளைக் காட்டி, பண்டைக்காலத்தில் பாலினேசியர் தென்னிந்தியா வந்தனர் என அவர் ஊகித்தது இன்று ஏற்கத்தக்கதன்று. அவர் நேரில் கண்டு எழுதியவையோ மதிப்பிழக்கவில்லை. ஓய்வுக்குப் பின் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற ஹார்னெல், மானிடவியலாளர் ஹேடனுடன் இணைந்து ஓசியானியப் படகுகளைப் பற்றிய தொகுதிகளை 1936 முதல் 1938 வரை வெளியிட்டார். 1946இல் வந்த அவருடைய உலக நீர்ப்போக்குவரத்து நூலில் தமிழ்க்கரையின் கட்டுமரம் பிற நாடுகளின் தெப்பங்களோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டது.