வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் கோழிகள்... உடனே செய்ய வேண்டியது என்ன?

கோடை வந்தாலே நாமக்கல் பண்ணைகள் முதல் வீட்டுக் கொல்லை வரை கோழி வளர்ப்போருக்கு இதே கவலைதான். காலையில் நல்லா மேய்ந்த கோழி, மதியம் சுருண்டு விழுந்துடும். நோய்னு நினைச்சு பலர் மருந்தைத் தேடுறாங்க. ஆனால், பல நேரங்களில் காரணம் வெப்ப அயர்ச்சி. அறிகுறிகளை முன்கூட்டியே கவனித்தால் கோழியைக் காப்பாற்றலாம்.

கோழிக்கு ஏன் இவ்வளவு பாதிப்பு?

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே சுமார் 41 டிகிரி செல்சியஸ். வாயைத் திறந்து வேகமாக மூச்சு விட்டுத்தான் உடலைக் குளிர்விக்கும். அப்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால், முட்டை ஓடு உருவாவதும் பாதிக்கப்படும். ஓடு மெலிந்த முட்டை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படி கண்டுபிடிப்பது?

* இறக்கையை உடலை விட்டு விலக்கி வைத்தே நிற்கும்
* தீவனம் குறையும், தண்ணீர் அதிகம் குடிக்கும், எச்சம் நீர்த்துப் போகும்
* முட்டை எண்ணிக்கை குறையும்
* நெருக்கடியான கொட்டகையில் ஒன்றையொன்று கொத்தும்

தள்ளாடி, கண்ணை மூடிப் படுத்துட்டா அது ஆபத்துக் கட்டம். உடனே நிழலுக்கு மாற்றி, கால், கொண்டையை சாதாரண தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

என்ன செய்யலாம்?

தீவனம்: செரிமானமும் உடல் சூட்டைக் கூட்டும். அதனால் அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் கொடுங்க.

தண்ணீர்: வெயிலில் காயும் தொட்டி, குழாயில் வரும் சுடுதண்ணீரை கோழி சரியா குடிக்காது. நிழலில் வைத்து, அடிக்கடி மாற்றுங்க.

கொட்டகை: கூரை மேல் தென்னங்கீற்று போடலாம், வெள்ளை அடிக்கலாம். பக்கவாட்டில் ஈரச்சாக்கு கட்டலாம். ஆனால் காற்றோட்டம் இல்லாமல் தண்ணீர் தெளித்தால் புழுக்கம் கூடி நிலைமை மோசமாகும்.

மதிய வேளையில் கோழியைப் பிடிப்பது, இடம் மாற்றுவது, தடுப்பூசி போடுவது கூடாது.

நோயாக இருந்தால்?

பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், கழுத்து திருகல், வெயில் தணிந்த பிறகும் அடுத்தடுத்து இறப்பு இருந்தால் அது ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். அந்தக் கோழிகளைத் தனியாகப் பிரித்து, கால்நடை மருத்துவரை அணுகுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற இலவச எண்ணிலும் அழைக்கலாம். இறந்த கோழியை சமைக்கவோ விற்கவோ கூடாது.