பெயர் பொறித்த கல்

உடல் அழியினும் புகழ் அழியாது எனத் தெளிந்த நம் முன்னோர், போரில் வீழ்ந்த வீரனது உருவையும் பெயரையும் கல்லிற் பொறித்து, வழிச்செல்வோர் காணுமாறு ஊர்ப்புறத்தே நட்டு வழிபட்டனர். அதுவே நடுகல் எனப்படும். கல்லைத் தேர்ந்து காண்டல் முதல் வாழ்த்துதல் ஈறாக அதற்குரிய ஆறு துறைகளைத் தொல்காப்பியனார் புறத்திணையியலில் வகுத்துள்ளார். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற தமிழ்ப் பிராமி நடுகற்களால் இவ்வழக்கத்தின் தொன்மை நன்கு விளங்கும்.

இங்ஙனம் போற்றப்பட்டோர் முடியுடை வேந்தர் மட்டுமோ எனின், அன்று. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உளது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வட்டெழுத்தில் வெட்டப்பட்டது அது. பொற்றொக்கையார் என்பாருடைய சேவகனாகிய கருந்தேவக்கத்தி என்பான், தன் எருமைகளின் பொருட்டுப் போரிட்டுப் பட்டான் என்று அக்கல் கூறும். அவனோடிருந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதும் ஆண்டுப் பொறிக்கப்பட்டுளது. அந்நாயின் பெயர் கோவிவன். குடைவரைக் கோயில்கள் பல கண்ட பெருவேந்தன் பெயர் இக்கல்லில் ஆண்டு குறித்தற்கே பயன்பட்டது. எருமை காத்தவன் பெயரும் அவன் நாயின் பெயருமே பொருளாக நின்றன. அன்பர்காள்! இதனை ஆழ்ந்து நோக்குமின்.

செங்கத்தைப் போலவே முன்னாளில் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த வேலூரிலும் வீரர் நினைவு ஒன்று உளது. கடைவீதி மணிக்கூண்டில் பதித்த கல், 1914-இல் தொடங்கிய முதல் உலகப்போருக்கு அவ்வூரினின்று சென்றோர் 277 பேர் என்றும், அவருள் மாண்டோர் 14 பேர் என்றும் அறிவிக்கின்றது. இத்தகைய கற்கள் வேறு பல ஊர்களிலும் உள. வீரரை நினைந்து கல் பதித்தது நன்றே. ஆயினும் அதன்கண் எண் உண்டு, பெயர் இல்லை. அப்பதினால்வரும் யாவர், எவர் மக்கள், எக்களத்திற் பட்டனர் என்பதை அக்கல்லைக் கண்டு அறிதல் இயலாது.

ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகட்கு முன் ஒரு சிற்றூர் தன் நாயின் பெயரையும் மறவாது காத்தது. நாமோ நம் பாட்டனாருடன் பிறந்தார் பெயரையும் மறந்தோம். ஆகலின், கடல் கடந்து சென்று போரில் மாண்டார் நம் குடும்பங்களில் உளராயின், முதியோர் இருக்கும்போதே அவர் பெயரும் ஊரும் கேட்டு எழுதி வைப்போமாக. வழியிடைக் கிடக்கும் நடுகல்லைத் துணி துவைக்கும் கல்லாக்காது நிமிர்த்தி நிறுத்துவோமாக. கல்லெடுக்கும் ஆற்றல் எல்லார்க்கும் இல்லை. ஒரு பெயரை ஏட்டில் எழுதும் ஆற்றல் எல்லார்க்கும் உண்டு.