அச்சும் பாதையும்: கிராண்ட்பாஸ் துறையிலிருந்து ஜீப் வண்டி வரை

கொழும்பு மாநகரின் வடபால் களனி கங்கையை அண்டிக் கிடக்கும் கிராண்ட்பாஸ், தன் பெயரிலேயே ஒரு போக்குவரத்து வரலாற்றைத் தாங்கி நிற்கின்றது. பெருந்துறை, பெருங்கடவை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொற்களின் திரிபே அப்பெயர். கண்டி நாட்டினின்று வருவோர் ஆற்றைக் கடந்து கோட்டைக்குள் புகுந்த வழி இதுவே. 1822 ஆம் ஆண்டில் இவ்விடத்தே படகுகளை நிரையாகப் பிணைத்து ஒரு மிதவைப் பாலம் அமைக்கப்பட்டது. 1895 இல் விக்டோரியாப் பாலம் எழும்வரை மலைநாட்டின் கோப்பியும் கொழும்பின் அரிசியும் அம்மிதவைப் பாலத்தின் மீதே உருண்டு சென்றன. உருண்டவை மாட்டு வண்டிகள். அவற்றைத் தாங்கியவை அச்சுகள். எனவே அச்சைப் பற்றிய ஆராய்ச்சியொன்றை கிராண்ட்பாஸிலிருந்து தொடங்குதல் பொருத்தமற்றதன்று.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா சிறியது. இரு முன்சில்லுகளும் தனித்தனியே இயங்கும் புதுமுறை வாகனமொன்றில் அவ்வமைப்பைக் கழற்றி எறிந்து, இரு சில்லுகளையும் ஒரே தண்டினால் இணைக்கும் பழைய முழு அச்சைப் பொருத்துவோர் உலகின் பல பாகங்களிலும் உளர். காட்டிலும் மலையிலும் செல்லும் வண்டிகளிலேயே இம்மாற்றம் பெரிதும் நிகழ்கின்றது. பொறியியல் முன்னேற்றத்தைப் புறக்கணிக்கும் பிற்போக்குச் செயல் என இதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆயின் அச்சின் வரலாற்றை நோக்குமிடத்து அம்முடிவு நிலைக்கவில்லை.

வண்டியின் அச்சு முறிதலைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மென்மையான மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பதை வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உவமையாக்கினார். இதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது புறநானூற்றின் 102 ஆம் பாட்டு. ஔவையார் அங்கு உமணரின் உப்பு வண்டியைக் காட்டுகின்றார். பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேருமென்பதால் வழியில் என்ன நிகழுமோ என அஞ்சிய உமணர், வண்டியின் அடியில் இன்னுமோர் அச்சைக் கட்டிச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்பது பெயர். புலவர் அதனை அரசனொருவனின் காவலுக்கு உவமை கூறினார்; வண்டித் தொழிலாளனுக்கோ அது உவமையன்று, பிழைப்பு. கைவசமுள்ள கருவிகொண்டு வழியிலேயே மாற்றக்கூடியதாய் அச்சு இருத்தல் வேண்டும் என்பதே சேம அச்சின் பின்னுள்ள அறிவு.

தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில், கப்டன் டோசனின் மேற்பார்வையில், கண்டி வீதி வெட்டப்பட்டபோதும் அவ்வறிவு பயனற்றுப் போகவில்லை. கடுகண்ணாவைக் கணவாயில் ஏறியிறங்கிய கோப்பி வண்டிகளுக்குச் செப்பனிட்ட வீதி கிடைத்ததேயன்றி, மழையும் சரிவும் நீங்கவில்லை. 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்ததும் நெடுவழி வண்டித் தொழில் தளர்ந்தது. பாதை மாறியபோது வண்டியும் மாறிற்று என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

மோட்டார் வாகனமும் முதலில் குதிரை வண்டியின் அச்சையே கைக்கொண்டது. உருக்குப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்கின் கீழ் ஒரு முழு அச்சு. அதன் இரு முனைகளிலும் சில்லுகள். வேகம் கூடியபோது குறை வெளிப்பட்டது. ஒரு சில்லு மேட்டில் ஏறினால் மற்றதும் சாய்ந்தது; குறித்த சில வேகங்களில் முன்சில்லுகள் இரண்டும் இடமும் வலமும் நடுங்கத் தொடங்கின. ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் நடுக்கம் பெருகிற்று. 1922 இல் லான்சியா நிறுவனத்தார் லம்ப்டா என்னும் காரில் முன்சில்லுகளைத் தனித்தனியே இயங்கவிட்டனர். 1934 இல் அமெரிக்காவின் பெருநிறுவனங்களும் அம்முறையைத் தழுவின. தார்ச்சாலையில் விரையும் காருக்கு அது பெரும் வரம் என்பதில் ஐயமில்லை.

பின்னர் போர் வந்தது. 1940 ஜூலையில் அமெரிக்கப் படையினர் சிறிய நான்குசில்லு இயக்க வண்டியொன்றைக் கேட்டு 135 நிறுவனங்களுக்கு எழுதினர். பான்டம் என்னும் சிறு நிறுவனம் 49 நாள்களில் முதல் வண்டியை முடித்து அவ்வாண்டு செப்டெம்பர் 23 இல் ஒப்படைத்தது. இத்துணை விரைவு எவ்வாறு கைகூடிற்று? ஸ்டுடிபேக்கர் காரொன்றின் அச்சைத் தழுவி ஸ்பைசர் நிறுவனத்தார் செய்து கொடுத்த அச்சுகளைப் பொருத்தியமையே முக்கிய காரணம். முன்னச்சும் முழு அச்சே. பின்னர் வில்லிஸ், போர்ட் நிறுவனங்கள் அவ்வகை வண்டியை ஆறு இலட்சத்துக்கும் மேலாகச் செய்து குவித்தன. ஜேர்மானியரின் கூபல்வாகன் வண்டியில் நான்கு சில்லுகளும் தனித்தியங்கின என்பதையும் மறைத்தலாகாது. எடை குறைந்த அவ்வண்டி சேற்றிலும் மணலிலும் தன் பெயரைக் காத்துக்கொண்டது. ஆகவே முழு அச்சே எங்கும் வெல்லும் என்று வாதிடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

1944 இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை கண்டிக்கு இடம்பெயர்ந்து பேராதனைப் பூங்காவிலே தங்கிற்று. இன்று மாணவர் நிழல்தேடி உலாவும் அம்மரங்களின் கீழ் அன்று நின்றவை படை வண்டிகள். போரின் பின், ஜீப்பைக் கண்டு அதன் வழியில் உருவான லாண்ட்ரோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாமில் அறிமுகமானது. இரு முழு அச்சுகளும் பட்டை ஸ்பிரிங்குகளும் உடைய அவ்வண்டி நம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் நெடுங்காலம் காணப்பட்ட ஒன்றாகும்.

ஜீப்புக்குப் பின்வந்த அமெரிக்கப் படைவண்டியின் கதை இங்கு ஓர் எச்சரிக்கை. 1960 அளவில் சேவைக்கு வந்த எம்.151 வண்டியில் நான்கு சில்லுகளும் தனித்தியங்கின. கூர்மையான திருப்பங்களில் பின்சில்லுகள் உட்புறமாக மடிந்து வண்டி கவிழ்ந்தமையால் உயிர்கள் மாண்டன. பின்சில்லு அமைப்பைத் திருத்திப் புதிய வடிவம் வெளியிட நேர்ந்தது. குற்றம் புதுமையினதன்று, பாதையையும் ஓட்டுநனையும் எண்ணாது புகுத்தப்பட்ட அமைப்பினது.

நம் வினாவுக்கு நேரே உரிய வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். 1979 இல் வந்த நான்குசில்லு இயக்க ஹைலக்ஸின் முன்புறத்தில் முழு அச்சே இருந்தது. வட அமெரிக்கச் சந்தைக்கென 1986 ஆம் ஆண்டு வடிவத்திலிருந்து அதனை நீக்கி, முறுக்குக் கம்பிகளால் தாங்கப்படும் தனித்தியங்கு முறையைப் புகுத்தினர். அங்கு வாங்குவோரிற் பெரும்பாலார் நெடுஞ்சாலையில் ஓடுபவர். பிற சந்தைகள் பலவற்றிலோ முழு அச்சு மேலும் பத்தாண்டளவு நீடித்தது. ஒரே நிறுவனம், ஒரே வண்டி. இருவேறு பாதைகளுக்கு இருவேறு அச்சுகள். பழைய அச்சைப் புதிய வண்டியில் பொருத்தும் வழக்கம் அமெரிக்காவிலே செழித்தது இதன் பின்னரேயாம்.

காரணம் யாது? தனித்தியங்கும் முறையில் டிபரன்ஷல் பெட்டி அடிச்சட்டத்தோடு பிணைந்திருப்பதால், வண்டி அமுங்கும்போது பெட்டியும் நிலத்தை நோக்கி இறங்குகின்றது. முழு அச்சில் அது சில்லுகளோடு ஏறியிறங்குவதால் நிலத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையாது. ஒரு சில்லு பாறையில் ஏறும்போது அச்சு துலாக்கோல்போற் சாய்ந்து மறு சில்லை நிலத்தில் அழுத்துகின்றது. தார்ச்சாலையில் குறையாயிருந்த அதே இணைப்பு மலையில் குணமாகிறது.

ஆயினும் மாற்றுவேலை எளிதன்று. பழைய கைகளையும் முறுக்குக் கம்பிகளையும் கழற்றி, அவற்றின் தாங்கிகளை அறுத்து, அடிச்சட்டத்தில் ஸ்பிரிங் தாங்கிகளை ஒட்டவேண்டும். முன்னச்சின் பற்சக்கர விகிதம் பின்னச்சினதோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடில் நான்கு சில்லும் இயங்கும்போது இயந்திரம் தன்னோடு தானே மல்லாடும். டிபரன்ஷல் பெட்டி, விசையைப் பிரித்தளிக்கும் பெட்டியின் முன்தண்டு வெளிவரும் பக்கத்திலேயே அமைதல் வேண்டும். பிரேக் குழாய்களை நீட்டவேண்டும். மிகக் கடினமானது சுக்கான். அதன் இழுதண்டு அச்சின் அசைவுக்கு இணங்க அமையாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் வண்டி தானே திரும்பும். அச்சைச் சாய்த்து வைக்கும் கோணம் பிழைத்தாலோ 1934 இல் காரிலிருந்து விரட்டப்பட்ட அந்த நடுக்கம் மீண்டு வரும். வரலாறு தெரியாதவன் செய்யும் மாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றது.

இத்தகைய வேலைக்கு வேண்டிய கைத்திறன் நமக்குப் புதிதன்று. 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்கு முன், இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், பழைய மொறிஸ், ஒஸ்டின் கார்களை உயிரோடு காத்தவர் கராஜ் தொழிலாளரே. கிராண்ட்பாஸிலிருந்து சிறிது தூரத்திலுள்ள பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் அவர்களின் நூலகம் எனலாம். பல்கலைக்கழகத்தார் இத்தொழிலறிவை எழுதிவைக்க முனையாமை வருந்தத்தக்கது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீளத் திறக்கப்படும்வரை, பழையதைப் பிரித்துப் பூட்டும் அத்திறனே மறுபடியும் நாட்டை ஓட்டிற்று.

உற்பத்தியாளரிடையேயும் இவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை. லாண்ட்ரோவர் டிபெண்டர் 2016 இல் பழைய வடிவில் நிறுத்தப்பட்டு, 2019 இல் தனித்தியங்கும் சில்லுகளோடு புதிதாக வெளிவந்தது. சுசுக்கி ஜிம்னியோ 2018 இன் புதிய வடிவிலும் இரு முழு அச்சுகளையும் விடவில்லை. இக்கால வண்டிகளில் சில்லின் சுழற்சியை அளக்கும் மின்னுணரிகள் பிரேக்கோடு பிணைந்திருப்பதால், அச்சை மாற்றுவோன் கம்பிகளையும் கணிப்பொறியையும் இணக்கியாக வேண்டும். அதனாலேயே மாற்றுவோர் 1980 களினதும் 1990 களினதும் வண்டிகளையே தேடிச் செல்கின்றனர். அவற்றை ஒரு ஸ்பானரும் ஒட்டுக் கருவியும் கொண்டு மலையடிவாரத்திலும் பிரித்துப் பூட்டலாம்.