பார்க்கிங் தகராறும் ஒரு துப்பாக்கி லைசென்ஸும்

சென்ற பொதுக்குழுவில் பார்க்கிங் விஷயம் வந்தபோது குரல்கள் கொஞ்சம் உயர்ந்தது நினைவிருக்கும். பின்வரிசையில் இருந்த நண்பர் ஒருவர், “அமெரிக்காவா இருந்தா இந்நேரம் துப்பாக்கியை எடுத்திருப்பாங்க சார். அங்கே லைசென்ஸ் இருந்தா சுடலாமே” என்றார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கடைசி வரி உறுத்தியது. லைசென்ஸ் இருந்தால் சுடலாமா?

நண்பர் விளையாட்டாகச் சொன்னது அங்கே நிஜமாகவே நடந்திருக்கிறது. 2018 ஜூலையில், ஃபுளோரிடா மாநிலம் கிளியர்வாட்டரில், ஒரு சிறு கடையின் வாசல். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் ஒரு கார் நின்றது. மைக்கேல் டிரெய்கா என்பவர் காருக்குள் இருந்த பெண்ணிடம் போய்ச் சண்டை பிடித்தார். கடைக்குள் இருந்த அவளது துணைவர் மார்க்கிஸ் மெக்லாக்டன் வெளியே வந்து டிரெய்காவைக் கீழே தள்ளினார். விழுந்தவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மெக்லாக்டன் இறந்துபோனார். அவருடைய ஐந்து வயது மகன் அப்போது அந்தக் கடையில்தான் இருந்தான். டிரெய்காவிடம் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல முறையான லைசென்ஸ் இருந்தது. மாவட்ட ஷெரிஃப் அவரை உடனே கைது செய்யவில்லை. தற்காப்புச் சட்டம் கையைக் கட்டுகிறது என்றார்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டும். பழைய ஆங்கிலச் சட்டத்தில், தெருவில் சண்டை வந்தால் முதலில் விலகு, முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கு, அதற்கு மேல் வழியே இல்லை என்றால்தான் கொல்லும் அளவுக்குத் திருப்பித் தாக்கலாம் என்பது விதி. வீடு மட்டும் விலக்கு. ஒருவனுக்கு அவன் வீடே கோட்டை என்ற கருத்து, 1604இல் லண்டனில் தீர்ப்பான செமெய்ன் வழக்கிலேயே வந்துவிட்டது.

அமெரிக்கர்களுக்கு இந்தப் ‘பின்வாங்கு’ ரசிக்கவில்லை. 1876இல் ஓஹையோ நீதிமன்றம், தவறு செய்யாதவன் ஓட வேண்டியதில்லை என்றது. 1895இல் ஒரு மாட்டுத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. பியர்ட் என்பவரின் நிலத்துக்கே வந்து சகோதரர்கள் சிலர் மாட்டை ஓட்டிப் போகப் பார்த்தார்கள். அவர் துப்பாக்கியால் சுடவில்லை. அதைக் கட்டையாக்கி ஒருவன் தலையில் அடித்தார், அவன் இறந்தான். தன் நிலத்தில் நிற்பவன் பின்வாங்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. 1921இல் நீதிபதி ஹோம்ஸ் இன்னும் ஒரு படி போனார்: கத்தியை ஓங்கி நிற்பவன் எதிரே இருக்கும்போது ஒருவனிடம் நிதானமான ஆலோசனையை எதிர்பார்க்க முடியாது என்றார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வழக்குகள் எல்லாம் ‘ஓட வேண்டுமா’ என்ற கேள்வியைத்தான் தளர்த்தின. ஆபத்து அந்தக் கணத்தில் கண்முன்னே இருக்க வேண்டும், அந்த அச்சம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அப்படியே இருந்தன.

லைசென்ஸ் என்பது தனிக் கதை. 1984 டிசம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலில் பெர்னார்ட் கோட்ஸ், தன்னிடம் ஐந்து டாலர் கேட்ட இளைஞர்கள் நால்வரைச் சுட்டார். முன்பு ஒருமுறை அடிபட்டபின் லைசென்ஸ் கேட்டு, கிடைக்காமல் போனவர் அவர். ஜூரி அவரைக் கொலை முயற்சியிலிருந்து விடுவித்தது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்காக மட்டும் தண்டித்தது. (பிறகு 1996இல் சிவில் வழக்கில் 4.3 கோடி டாலர் நஷ்டஈடு தரச் சொன்னது வேறு விஷயம்.) சுட்டது சரியா என்பதும் துப்பாக்கி வைத்திருந்தது சரியா என்பதும் இரண்டு தனித்தனிக் கணக்குகள்.

ஃபுளோரிடா இந்த இரண்டையுமே தளர்த்தியது. 1987இல், தகுதி உள்ள யார் கேட்டாலும் லைசென்ஸ் தர வேண்டும் என்றானது. 2005இல் வந்த ‘ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்’ சட்டம், வீட்டுக்கு மட்டும் இருந்த விலக்கைத் தெருவுக்கும் கொண்டுவந்தது. நாம் சட்டப்படி இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும் பின்வாங்க வேண்டியதில்லை. 2023 முதல் மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸே தேவையில்லை.

நம்மைப் போன்ற குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் வரும் வழக்கு 2012 பிப்ரவரியில் சான்ஃபோர்டில் நடந்தது. கேட் போட்ட குடியிருப்பு. அதற்கு முன் சில திருட்டுகள். குடியிருப்புக் காவல் தன்னார்வலரான ஜார்ஜ் ஜிம்மர்மன், பதினேழு வயது டிரேவான் மார்ட்டினைச் சந்தேகப்பட்டுப் போலீஸுக்கு போன் செய்தார். பின்தொடரத் தேவையில்லை என்று மறுமுனையில் சொன்னார்கள். பிறகு கைகலப்பு, ஒரு குண்டு. பையனிடம் ஆயுதம் எதுவும் இல்லை. அவன் தன்னைக் கீழே தள்ளி அடித்ததாக ஜிம்மர்மன் தரப்பு சொன்னது; 2013இல் ஜூரி விடுவித்தது. அவரிடமும் லைசென்ஸ் இருந்தது. அந்தக் குடியிருப்பு சங்கம்தான் மார்ட்டினின் பெற்றோருக்குத் தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நம் கமிட்டி உறுப்பினர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

நம் ஊர்ச் சட்டமும் அதே ஆங்கில வேரிலிருந்து வந்ததுதான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆவது பிரிவு, போலீஸை நாட அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்கிறது; தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கும் கூடாது.

கிளியர்வாட்டருக்குத் திரும்புவோம். சில வாரங்களில் அரசு வழக்கறிஞர் வழக்குப் போட்டார். டிரெய்கா பின்வாங்கியிருக்க வேண்டுமா என்பது அங்கே பெரிய கேள்வியாக இல்லை. அவர் தரையில் கிடந்தார், சட்டமும் அவர் பக்கம். லைசென்ஸும் செல்லும். கடையின் கேமரா பதிவுதான் வழக்கே. துப்பாக்கியைப் பார்த்ததும் மெக்லாக்டன் பின்னால் அடியெடுத்து வைப்பது அதில் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் குண்டு. 2019 ஆகஸ்டில் ஜூரி குற்றவாளி என்றது. அக்டோபரில் டிரெய்காவுக்கு 20 ஆண்டு சிறை.