தவிட்டில் தங்கும் மக்னீசியம்: ஜவ்வாது மலைச் சாமையும் இதய நலமும்

2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தபின், சிறுதானியம் இதயத்தைக் காக்கும் என்ற பேச்சு நகரங்களில் வலுத்துள்ளது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றி மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாக விளைவித்துவரும் சாமையும் அந்தப் பேச்சில் அடிபடுகிறது. மக்னீசியத்தைப் பொறுத்தவரை அந்தப் பெருமையைத் தீர்மானிப்பது அரவை ஆலையே என்பது என் வாதம்.

தமனிச் சுவரின் தசைச் செல்லுக்குள் கால்சியம் புகும்போது தசை இறுகுகிறது. மக்னீசியம் அந்த நுழைவைக் கட்டுப்படுத்துவதால் குழாய் தளர்கிறது. இதயச் செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் இயக்கமும் மக்னீசியமின்றி நடவாது. அது குறைந்தால் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். உடலில் உள்ள சுமார் 25 கிராமில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே இரத்த நீரில் இருக்கிறது. ஆகவே இரத்தப் பரிசோதனை இயல்பாக இருப்பதை வைத்துக் குறைபாடே இல்லை என்று முடிவுகட்ட இயலாது.

சிகிச்சைச் சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு நரம்பு வழியே மக்னீசியம் செலுத்திய ஐசிஸ்-4 ஆய்வில் (1995) 58,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர், இறப்பு குறையவில்லை. 34 சோதனைகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், மக்னீசிய மாத்திரைகள் மேல் இரத்த அழுத்தத்தைச் சராசரியாக 2 மி.மீ. மட்டுமே குறைத்தன. மாத்திரையில் பெரிய நம்பிக்கை வைக்க இவை இடந்தரவில்லை. அன்றாட உணவில் மக்னீசியம் போதுமான அளவு இருப்பதே நாடத்தக்க வழி.

அந்த உணவை எண்களில் பார்ப்போம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் சுமார் 91 மி.கி. மக்னீசியம் உள்ளது, தீட்டிய வெள்ளரிசியில் சுமார் 19. வளர்ந்த ஆணுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ நாளொன்றுக்கு 440 மி.கி. 300 கிராம் தானியம் உண்பவருக்குச் சாமை 270 மி.கி.க்கு மேல் தரும். வெள்ளரிசி 60ஐக்கூட எட்டாது. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியை ஆற்றிய அத்திட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சாமைச் சோறு இருந்த தட்டில் வெள்ளரிசி மட்டும் நிறையும்போது மக்னீசியம் எவ்வளவு சரியும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

அதே அட்டவணையில் தவிடு நீக்காத அரிசிக்குச் சுமார் 94 மி.கி.; அதாவது சாமைக்கு நிகர். எனவே சாமைக்கும் வெள்ளரிசிக்கும் இடையிலான பெரும் வேறுபாடு தவிட்டில்தான் இருக்கிறது. உரலில் குத்தி உமியை மட்டும் புடைத்தெடுத்த சாமையில் தவிடு தங்கும். வெளுக்கும்வரை இயந்திரத்தில் தீட்டினால் சாமையும் வெள்ளரிசியின் வழியில்தான் போகும். தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் மக்னீசியத்தை உடல் ஈர்ப்பதைச் சற்றுக் குறைக்கும் என்பது நியாயமான மறுப்பே. ஊறவைத்தும் புளிக்கவைத்தும் அதன் தாக்கத்தைத் தணிக்கலாம். தவிட்டோடு போன தாதுவை மீட்க வழியில்லை.

வணிகர்கள் தீட்டுவதற்கும் காரணம் உண்டு: தவிட்டுக் கொழுப்பு நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். ஆகவே விளையும் மலையிலேயே, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக உமி நீக்கும் ஆலைகள் வேண்டும். சத்துணவுக்கும் விடுதிகளுக்கும் சாமை வாங்கும்போது வெண்மைக்கு முன்னுரிமை தரக் கூடாது. எவ்வளவு தவிடு நீக்கப்பட்டது என்பதை மூட்டையின் மேல் குறிப்பிடுவதைக் கொள்முதல் நிபந்தனையாக்க வேண்டும்.