திண்ணைப் பள்ளி முதல் எல்.கே.ஜி. வரை

தமிழ்நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைப்பது நெடுங்காலம் ஒரு குடும்பச் சடங்காகவே இருந்தது. விஜயதசமியிலோ சோதிடர் குறித்த வேறொரு நல்ல நாளிலோ அது நடந்தது. தாம்பாளத்தில் பரப்பிய அரிசியிலோ நெல்லிலோ ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பார். மஞ்சள் பூசிய புதுச் சுவடி பிள்ளையின் கைக்கு வரும். ஆசிரியருக்கு வெற்றிலை பாக்குடன் காணிக்கை. கூடியிருக்கும் பிள்ளைகளுக்குப் பொரி கடலை. இதை ஏடு தொடங்குதல் என்றும் அட்சராப்பியாசம் என்றும் வழங்கினர். முஸ்லிம் குடும்பங்களில் 4 வயதும் 4 மாதமும் 4 நாளும் நிரம்பியதும் பிஸ்மில்லா ஓதவைக்கும் வழக்கம் துணைக்கண்டத்தின் பல பகுதிகளில் இருந்தது.

சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரியின் கலெக்டர் ஏ. டி. காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் இச்சடங்கின் விவரம் உண்டு. ஆசிரியரும் பள்ளிப் பிள்ளைகளும் வீட்டுக்கு அழைக்கப்படுவார்கள். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி எல்லோரும் வட்டமாக அமர, புதுப் பிள்ளை அதற்கு நேர் எதிரே உட்காரும். அறிவு வேண்டிப் பிரார்த்தனை சொல்லி, அரிசியில் விரலால் எழுதும். மறுநாள் காலையே படிப்புத் தொடங்கிவிடும். பள்ளியில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கே வந்து புதியவரைச் சேர்த்துக்கொண்டதால், வீட்டுத் திண்ணையில் நடந்த அந்தப் பள்ளியில் முதல் நாள் அறிமுகமில்லாத முகங்கள் குறைவு.

பள்ளியில் சேரும் முன் வீட்டில் பெரும்பாலும் எழுத்துச் சொல்லித்தருவதில்லை. தாலாட்டு, நிலாப் பாட்டு, கைவீசிச் சாய்ந்தாடும் பாட்டு, பாட்டி சொல்லும் கதை, விடுகதை ஆகியவற்றால் காதும் நாவும் பழகியிருக்கும். திண்ணைப் பள்ளி எதிர்பார்த்ததும் அதைத்தான். அங்கே பாடம் முதலில் வாயில் ஏறியது, பிறகே கைக்கு வந்தது. தரையில் பரப்பிய மணலில் எழுத்தைச் சொல்லிச் சொல்லி விரலால் எழுதினார்கள். கை பழகிய பிறகு ஓலையும் எழுத்தாணியும் வந்தன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி ஆகியவை மனப்பாடமாயின. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிவைத்தான்.

ஒழுங்கு கடுமையாக இருந்தது. காலை ஆறு மணிக்குத் திறக்கும் பள்ளியில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரும், இரண்டாவது பிள்ளையின் கையில் சுழியமும் எழுதப்பட்டன. மூன்றாவதாக வந்தவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு என்று கணக்கு ஏறியதாகக் காம்ப்பெல் எழுதுகிறார். கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற தண்டனைகளும் திண்ணைப் பள்ளியில் இருந்தன.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு உள்ளான குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் திண்ணை எட்டாத இடமாகவே இருந்தது. ஏடு தொடங்கும் சடங்கு பொதுவான வழக்கம்போலத் தோன்றினாலும், அது பள்ளிக் கதவு திறந்திருந்த வீடுகளின் வழக்கமே.

மணல் எழுத்து இதற்குள் கடல் கடந்திருந்தது. எழும்பூரில் இராணுவ ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை 1789 முதல் மேற்பார்த்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் இல்லத்தில் அதைப் புகுத்த முயன்றார். ஆசிரியர் இணங்காததால், எட்டு வயது மாணவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். மாணவரே மாணவருக்குச் சொல்லித்தரும் அம்முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

ஐரோப்பாவில் இளம்பிள்ளைக் கல்வி வேறொரு வழியில் சென்றது. ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் ஃபிரெட்ரிக் ஃபிராபெல் 1837இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். பந்து, உருளை, கனசதுரம், காகித மடிப்பு, பாட்டு, தோட்ட வேலை ஆகியவையே அங்கே பாடம். எழுத்துக்கு முன் கையும் கண்ணும் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்டனைத் தடைசெய்தது. 1860இல் தடை நீங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இம்முறை சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் 1894இல் அடையாறில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியிலும் பின்னர் கிண்டர்கார்டன் முறை கையாளப்பட்டது.

1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். போர்க்காலத்தில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்ததால், இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். பித்தான் போடுதல், தண்ணீர் ஊற்றுதல், பாயைச் சுருட்டுதல் போன்ற அன்றாட வேலைகளே அவர் முறையில் முதற்பாடங்கள். உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவிப் பழகுவது அதன் பிறகு வரும்.

ஊர்ப்புறப் பள்ளிகளில், பிள்ளை பள்ளிக்கு ஆயத்தமா என்று பார்க்கும் அளவுகோல் எளிமையாக இருந்தது. பிறப்புச் சான்றிதழ் பரவலாகாத காலத்தில், வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டால் ஒன்றாம் வகுப்பு, தொடாவிட்டால் அடுத்த ஆண்டு. தலையை விடக் கை வேகமாக வளரும் வயது அது என்பதால் இந்தச் சோதனை ஓரளவு பொருந்தியது. வயது போதாத பிள்ளைக்காக ஜூன் மாதச் சேர்க்கைக்குத் தோதாக ஒரு பிறந்த தேதியை ஆசிரியரே எழுதிவிடுவதும் உண்டு. முதிய தலைமுறையில் பலருக்குச் சான்றிதழ்ப் பிறந்தநாள் வேறாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஏழைப் பிள்ளைகளுக்கு ஆயத்தம் என்பது முதலில் உணவாக இருந்தது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. தாயை விட்டுச் சில மணி நேரம் இருக்கவும், வரிசையில் உட்கார்ந்து சாப்பிடவும், பிறருடன் விளையாடவும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அங்கன்வாடியில்தான் பழகினார்கள்.

அதே காலத்தில் நகரங்களில் ஆங்கிலவழிப் பள்ளிகள் பெருக, ஆயத்தம் தேர்வாக மாறியது. எல்.கே.ஜி. சேர்க்கைக்கு மூன்று வயதுப் பிள்ளையிடம் நிறமும் எழுத்தும் கேட்கும் நேர்காணல் வந்தது. அதற்குத் தயார்செய்ய ப்ரீ.கே.ஜி. வந்தது. பெற்றோரின் படிப்பும் விசாரிக்கப்பட்டது. மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993இல் இத்தகைய தேர்வுகளையும் நேர்காணல்களையும் ஒழிக்கப் பரிந்துரைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கையில் வடிகட்டும் முறைக்கு அபராதம் விதித்தது. ஆனால் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான கல்விக்கு என்பதால், மழலையர் வகுப்புகளில் அதன் பிடி தளர்ந்தே இருந்தது.

2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. தனியார் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளை அரசுப் பள்ளிப் பக்கம் ஈர்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

இந்த வரலாற்றில் ஆயத்தத்தின் பொருளைத் தீர்மானித்தது பெரும்பாலும் பள்ளியின் வாசல்தான். திண்ணை காதையும் நாவையும் கேட்டது. கிண்டர்கார்டன் கையைக் கேட்டது. நேர்காணல் எழுத்தைக் கேட்டது. இவற்றுள் பள்ளி தானே கற்பிக்க வேண்டியதை முன்கூட்டியே கேட்டது கடைசி முறை ஒன்றுதான்.